வலிக்காத புண்

நாரின்

பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எங்கள் அலுவலக டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அத்தானின் கையிலிருந்த கறுப்புப் புண் காயத் தொடங்கிவிட்டதாம். "என்னை மாட்டிவிட்டதுக்குக் குதிரைப்பாலாவது கொண்டு வந்திருக்கலாம்ல?" என்று சிரித்தார்.

அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் நோய் கண்ட மாட்டை நீங்கள் அறுத்து ஊருக்குக் கறி கொடுத்ததை, நான் வேலை பார்க்கும் சுகாதார அலுவலகத்தில் சொன்னவள் நான்தான். அத்தானின் கையைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கறி வாங்கிய வீடுகளுக்கெல்லாம் நேற்று அலுவலகத்து ஆட்களோடு மாத்திரை கொண்டு போனோம். உன் பக்கத்து வீட்டு ஷைர்குல் கதவைப் பாதி திறந்து, "சொந்த அக்கா வீட்டையே காட்டிக் குடுத்தவ, எங்களையா விடப் போறே?" என்றாள். ஆனாலும் என் கண்ணெதிரே பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தாள்.

நீதான் வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல, டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றாய். வீட்டுக்கு வந்தவர்களுக்கு நீ இடது கையால் டீ ஊற்றி நான் பார்த்ததேயில்லை. வலது கை கடைசிவரை சட்டைக் கைக்குள்ளேயே இருந்தது. கூட வந்தவர்கள் முன்னால் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் புண் வலிக்காது, அக்கா. வலிக்கவில்லை என்றுதான் அத்தானும் நாளைக் கடத்தினார்.

டிரைவர் வாசலில் நிற்பார். நீ என்னோடு பேச வேண்டாம். வண்டியில் மட்டும் ஏறிவிடு.

ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும்,
உன் தங்கை