நாயிடம் சொன்ன சேதி

அப்பாவுக்கு லோகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன?

நெடிய ஆலோசனைக்குப் பிறகு, எங்கள் போர்வெல் ரிக் வண்டியோடு திரியும் நாய்க்கு மணி என்று பெயர் வைக்க முடிவு செய்திருக்கிறேன். எனக்கும் பெரியப்பா மகன் சபரிநாதனுக்கும் பேச்செல்லாம் அதன் வழியாகத்தான். கிணற்றுத் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு நீங்களும் பெரியப்பாவும் எருமையிடம் பேசினீர்கள், நாங்கள் பார்த்து வளர்ந்தோம். இங்கே எருமை கிடைக்கவில்லை.

போன வாரம் போர் போடும்போது, மேலே இரும்புக் குழாய் ஒன்று கழன்றிருந்ததை சபரி பார்த்தான். நாயிடம், "ஏஞ்சாமி, கொழாய் உழுகப் போவுது, தள்ளி நிக்கச் சொல்லு" என்றான். நாய் உடனே நகர்ந்தது. நானும் நகர்ந்தால் அவன் பேச்சைக் கேட்டதாகிவிடும் என்று கொஞ்சம் நின்றேன். நீங்களும் பெரியப்பா எருமையிடம் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தானே மோட்டாரை நிறுத்துவீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு என்னை சபரிதான் தூக்கிப் போனான். வழியெல்லாம் டிரைவரைப் பார்த்து அழுதான். இப்போது நலம். போனில் சொன்னால் அம்மா பயப்படுவார்கள் என்று எழுதுகிறேன்.

உங்கள் பேரன் கௌசிக், பந்து கேட்பதற்குக்கூட சபரி மகளிடம் பேசாமல் பூனையிடம் சொல்கிறானாம். உங்கள் மருமகள் தனப்பிரியா பெருமையாகச் சொன்னாள்.

கொள்ளு கொஞ்சம் கூடுதலாக அனுப்பச் சொல்லுங்கள், சபரியும் சாப்பிடுவான். இது பெரியப்பாவுக்குத் தெரிய வேண்டாம். கடிதத்தைக் கொண்டுவரும் திருச்செங்கோட்டு லாரி கிளம்புகிறது. ஒரு செருப்பும் அனுப்புங்கள். இடது காலுக்கு மட்டும் போதும்.