கதவடி இடைவெளி

திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரே வீட்டுக்குள் கடிதம் எழுதுவது வேடிக்கையாக இருக்கிறது. "பேசினா அவளுக்கு இருமல் வருது. எழுதி கதவுக்குக் கீழ தள்ளு" என்றாள் அம்மா. உன் பல்கலைக்கழகத்தை மூடுகிறார்கள் என்றதும் துள்ளிக் குதித்தேன். மூடினால் காய்ச்சல் பரவுவது குறையும் என்று அறிவியல் டீச்சர் சொன்னார். நீயோ வந்ததும் மாடியறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாய். "மகாராணி எப்ப தரிசனம் தரப்போறாங்களாம்?" என்று அப்பா கேட்கிறார்.

உன் வாயாடி

செவ்வாய்க்கிழமை

என் வாயாடிக்கு,

டீச்சர் சொன்னது சரிதான். விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர். அங்கேயே இருந்திருந்தால் ஒருத்தியும் தப்பியிருக்க மாட்டாள். ஆனால் "சாயங்காலத்துக்குள் காலி செய்யுங்கள்" என்று திடீரென்று சொல்லிவிட்டார்கள். மொத்த விடுதியும் பெட்டிகளோடு ஒரே பேருந்து நிலையத்தில் முண்டியடித்தது. வரும் வழியிலேயே எனக்கு உடம்பு கொதித்தது.

அப்பாவின் நுரையீரலில் பாதி மரப்பட்டறைத் தூள்தான். அந்த இருமலோடு இதுவும் சேர்ந்தால் தாங்கமாட்டார். அதனால்தான் தாழ்ப்பாள். அவரை மாடி ஏறவிடாதே. நீயும் கடிதத்தைத் தள்ளிவிட்டு ஓடிவிடு.

உன் அக்கா

வியாழக்கிழமை, காலை

அக்கா,

நேற்று எழுதியதற்குப் பதிலே இல்லை. உன் அறை வாசலில் வைத்த சாப்பாடும் அப்படியே இருக்கிறது. "தூங்குறா, எழுப்பாத" என்கிறாள் அம்மா. ஆனால் அவளே மாடிப்படியில் நின்று காது கொடுத்துக் கேட்கிறாள். எழுத முடியாவிட்டால் கதவை ஒரு தட்டாவது தட்டு. எனக்குப் பயமாக இருக்கிறது.

வாயாடி

வியாழக்கிழமை, மாலை

பயந்தாங்கொள்ளிக்கு,

காய்ச்சலில் நினைவே இல்லாமல் கிடந்திருக்கிறேன். இப்போது இறங்கிவிட்டது. கடிதத்தை எடுக்கக் குனிந்தபோது உன் ரிப்பன் கதவுக்கு அடியில் உள்ளே கிடந்தது. அது எப்படி இங்கே வந்தது? உண்மையைச் சொல்லடி.

அக்கா

சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

வியாழன் மதியம், நீ மூச்சுவிடுகிறாயா என்று கதவடி இடைவெளியில் முகத்தை வைத்துக் கேட்டேன். மூச்சுச் சத்தம் கேட்டதும் வந்த நிம்மதியில் அங்கேயே தூங்கிப்போனேன். ரிப்பன் அப்போதுதான் நழுவியிருக்கும்.

இன்று எழுந்ததிலிருந்து தொண்டை எரிகிறது. அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்தார். "கிட்ட வராதீங்கப்பா!" என்று கத்திவிட்டேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னடா செல்லம், அப்பா மேல கோவமா?" என்று கேட்டார். நான் சமையலறைக்கு ஓடிவிட்டேன். அம்மாவிடம் மட்டும் தொண்டை எரிவதைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கீழே எனக்கென்று தனி அறை கிடையாது. அப்பா படுக்கும் கூடத்தில்தான் என் பாயும். அதனால் போர்வை, தலையணை, பாடப் புத்தகம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதை உன் கதவுக்கு வெளியே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

கீழே அப்பா இருமுகிறார். அது பழைய பட்டறை இருமல்தானே? நீ உள்ளிருந்து கேட்டுச் சொல்.

கதவைத் திற, அக்கா.

உன் வாயாடி