தேர்ப் பாதையில் கேட்

நவம்பர் 4, திங்கள்
கரைக்காற்று. நெஞ்சளவு அலை, ஒழுங்காக உடைந்துகொண்டிருந்தது. பார்த்தேன், அவ்வளவுதான். ரிசார்ட்காரன் கடற்கரைப் பாதையில் கேட் போட்டுப் பூட்டிவிட்டான். எங்கள் ஊர்க் கரை முழுக்கக் கடலரிப்புக்குக் கொட்டிய பாறாங்கல். சர்ஃபிங் பலகையோடு இறங்க மணல் இருப்பது அந்தப் பாதை முடியும் இடத்தில் மட்டும்தான். காவலுக்கு நிற்பவன் நம்மூர் ஜிபின், இரண்டு பிள்ளைக்காரன்! "யக்கா, கெஸ்ட்டுக்கு மட்டுந்தான் வழி. எனக்க வேலையக் கெடுக்காத." பத்து வருடமாக நான் நடக்கிற பாதை. எவன் வீட்டுச் சொத்து?

நவம்பர் 7
கேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்: 'இன்றைய அலை இரண்டடி. புதியவர்களும் இறங்கலாம்.' பொய். நாலடிக்குக் குறையாது, பாறையோரம் நீரோட்டம் ஆளை வெளியே இழுக்கிறது. சொன்னேன். மேனேஜர் சிரிக்கிறான்: "நீங்களும் ரூம் போட்டு வாங்க மேடம்." பலகையாலேயே ஒன்று போட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 8
பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். பாவங்கள்.

நவம்பர் 12
தாலுகா ஆபீஸ். எங்கள் மாதா கோயில் திருவிழாத் தேர் போகும் பாதை என்று மனு கொடுத்தேன். கிளார்க் ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் போட்டார். 'தேர் இனிப் பெரிய ரோட்டில் போகும். கடற்கரைப் பாதை ஊருக்குத் தேவையில்லை.' கீழே: ரெனிஷா, பங்குப்பேரவைச் செயலாளர்.
நான்தான்.
போன வருடம் ரிசார்ட்காரன் கோயிலுக்குச் சீரியல் லைட் போட்டுத் தந்தான். பாதையில் குழி, தேர்ச் சக்கரம் புதையும் என்றான். கடிதத்தையும் அவனே டைப் அடித்து வந்தான். படிக்காமலா கையெழுத்துப் போட்டேன்? படித்தேன். லைட் நன்றாக இருந்தது. சீ!

நவம்பர் 17, ஞாயிறு
பூசை முடிந்து பேரவைக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். செசிலியக்கா விடவில்லை. "ஏட்டி, ஊருக்க வழிய ஒரு சீரியல் லைட்டுக்கா எழுதிக் குடுத்த?" தேர் இழுப்பவர்களில் மூத்தவர் மரியஜான் அண்ணன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "தேரு பழைய வழியிலதான் போவும்." கடிதம் செல்லாது என்று தீர்மானம். அதை எழுதிவிட்டுச் செயலாளர் பொறுப்பையும் விட்டேன்.

டிசம்பர் 8
திருவிழா. தேர் கேட் முன்னால் நின்றது. மேனேஜர் என் கடிதத்தை ஆட்டி ஆட்டிக் காட்டினான். ஊர் முழுக்கச் செபமாலை சொல்லிக்கொண்டு நின்றது, அரைமணி நேரம். ஜிபின் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான், சாவியை எடுத்துத் திறந்தான். திறந்தும் தேருக்கு இடம் போதவில்லை. கதவுகளைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள்.

டிசம்பர் 10
கதவு இன்னும் மாட்டவில்லை. கரைக்காற்று, நெஞ்சளவு அலை. மணலில் ஜிபின் உட்கார்ந்திருந்தான். வேலை போய்விட்டது. "நீ போ யக்கா, நல்ல அலையாக்கும்" என்றான்.
மூன்று அலைக்குப் போனேன். ஒன்றிலும் பலகைமேல் எழுந்து நிற்க முடியவில்லை.