உங்கள் பெயருக்குக் கீழே

என் அப்பாவுக்கு,

உங்கள் ஊர் கிடைத்துவிட்டது.

பஸ்ஸில் யாராவது "எந்த ஊருங்க?" என்றால், ஹல்துமுல்லையில் பிறந்து, அம்மாவைக் கட்டி மடுல்சீமைக்கு வந்த நீங்கள், "துறையூர்ப் பக்கம்" என்பீர்கள். ஒருநாளும் போகாத ஊர். உங்கள் தாத்தா கருப்பையா அங்கிருந்து இலங்கைக்கு, தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். அதற்கு மேல் உங்களுக்கும் தெரியாது.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு ஊர்ப் பெயரையும் குலசாமி பெயரையும் போட்டு இணையத்தில் தேடினேன். ஏன் முன்பே தேடவில்லை? தெரியவில்லை. துறையூரில் தங்கவேல் என்பவர் பங்காளிக் குடும்பங்களின் வம்சாவளியை ஒரு மென்பொருளில் ஏற்றி வைத்திருக்கிறார். அதில் கருப்பையா இருந்தார். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில்: இலங்கை போனார். வாரிசு இல்லை.

வீடியோவில் பேசினோம். தங்கவேல் அண்ணன் உங்களைச் சித்தப்பா என்றார். அம்மா போனை வாங்கி அவரை உற்றுப் பார்த்தாள். "மூக்கு அப்படியே இருக்கு" என்றாள்.

"உங்க கிளைய மட்டும் அனுப்பிவிடு தங்கச்சி. நான் இங்க ஒட்டிக்கிறேன். திருவிழாவுக்குப் பெருசா அச்சடிச்சு கோயில் சுவத்துல மாட்டப் போறோம். சித்தப்பா பேரும் வந்துரும்."

அது எனக்கு வேண்டும், அப்பா. உங்கள் பெயர் அந்தச் சுவரில்.

"ஒண்ணே ஒண்ணு. பங்காளி வழி மட்டும்தான். ஆம்பளைங்க பேரு போதும்."

"அப்ப நானும் என் தங்கச்சி சுதாவும்?"

"நீங்க புருஷன் வீட்டு மரத்துல வருவீங்கம்மா."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேண்ணே."

"அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரம் பண்ணிக்க." அவர் சிரித்தார்.

பக்கத்தில் இருந்த அம்மா, "மரத்துல ஏறுறதுக்கா தம்பி கல்யாணம் பண்ணுவாங்க?" என்றாள். அவர் இன்னும் சத்தமாகச் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

பதுளையில் என் அறையில் உட்கார்ந்து, அதே மென்பொருளில் நம் கிளையை ஏற்றி, அவர் சொன்னபடியே செய்து பார்த்தேன். பெயர்களுக்கு எதிரே சரிக்குறி போட்ட கட்டங்கள்; குறியை எடுத்தால் பெயர் மரத்திலிருந்து மறையும். அம்மாவை எடுத்தேன். அம்மா இல்லாமல், நீங்கள் மடுல்சீமைக்கு ஏன் வந்தீர்கள் என்பதற்கு அந்த மரத்தில் காரணமே இல்லை. சுதாவை எடுத்தேன். வெலிமடையில் இந்த வருடம் பாடசாலையில் சேர்ந்த அவள் மகளை எடுத்தேன். கடைசியாக என்னை.

அச்சில் எப்படி வரும் என்று திறந்தேன். மகன் பெயர் இல்லாத இடத்தில் மென்பொருள் தானாகவே எழுதுமாம். உங்கள் பெயருக்குக் கீழே: வாரிசு இல்லை.

கருப்பையாவுக்குக் கீழே இருந்த அதே இரண்டு சொற்கள். அந்தச் சொற்கள் முடித்துவைத்த இடத்துக்குப் பிறகுதான் உங்கள் அப்பா பிறந்தார். நீங்கள் பிறந்தீர்கள். தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டினீர்கள். என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினீர்கள்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "அண்ணன் கேக்குற மாதிரியே அனுப்பு புள்ள" என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஊர் உங்களுக்கு அவ்வளவு முக்கியம். அதனால் நான் அடுத்துச் செய்ததை உங்களுக்காகச் செய்தேன் என்று சொல்ல முடியாது.

கட்டங்களையெல்லாம் திரும்ப நிரப்பினேன். அம்மா, நான், சுதா, அவள் வீட்டுக்காரர், குழந்தை. முழுக் கிளையையும் அனுப்பினேன்.

சில நாட்கள் பதில் இல்லை. பிறகு அழைத்தார்.

"என்ன தங்கச்சி, பொம்பளைப் புள்ளைங்களா இருக்கு?"

"ஆமாங்கண்ணே. இருக்கோம்."

"இதச் சேத்தா மத்த வீட்டுக்காரங்களும் கேப்பாங்கம்மா."

"கேக்கட்டுமே."

அவருக்குப் பின்னால் ஏதோ கோழி கத்தியது. "பெரியவங்ககிட்டப் பேசணும்" என்று வைத்துவிட்டார்.

நேற்று அவருடைய மரத்தைத் திறந்து பார்த்தேன். நம் கிளையை இன்னும் ஒட்டவில்லை. திருவிழாவுக்குள் ஒட்டுவாரா, தெரியாது. ஆனால் கருப்பையாவுக்குக் கீழே இருந்த அந்த இரண்டு சொற்களை எடுத்துவிட்டிருக்கிறார். 'இலங்கை போனார்' மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

அம்மாவிடம் காட்டினேன். "எடம் விட்டு வச்சிருக்கான்" என்றாள். அப்படித்தானா?

சுவரில் உங்கள் பெயர் வராமல் போகலாம், அப்பா. அதற்கு நான்தான் காரணமாக இருப்பேன். ஆனாலும் உங்கள் பெயரை இனி யாருக்கு அனுப்பினாலும் எங்களோடு சேர்த்தேதான் அனுப்புவேன்.

உங்கள் மூத்த மகள்,
தேவி