மூடச் சொன்னது இறக்கையை

அனுப்புநர்:
பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகட்டு வேலை செய்பவர்,
பின் தெரு, கடைசி வீடு
(“ரெக்கை வீடு” என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்).

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
சிறு விமான ஆய்வுப் பிரிவு.

பொருள்: இறக்கையை மூட அனுமதி கேட்டதற்குக் கோப்பை மூடிவிட்டது – கோப்பைத் திறந்து, இறக்கையின் உட்புறத்தை ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பதினான்கு மாதங்களுக்கு முன் நான் கொடுத்த மனு.
2. சென்ற மாதம் தங்கள் அலுவலகம் அனுப்பிய ஒரு வரிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும், தையல் கடை வைத்திருக்கும் என் மனைவியும் ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டு முன் அறையில் இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டி வருகிறோம். பாகங்களை மொத்தமாக வாங்க எங்களுக்கு வசதியில்லை. முதலில் வால், பிறகு இறக்கைகள் என்று கையில் பணம் சேரும்போதெல்லாம் ஒரு பெட்டி வாங்கினோம். எஞ்சினைப் பற்றி இப்போது பேசாமல் இருப்பதே நல்லது.

2. இறக்கையின் அடித்தகட்டை ரிவிட் அடித்து மூடுவதற்கு முன், தங்கள் அலுவலர் நேரில் வந்து உள்ளே பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. இடது இறக்கைக்கு அப்படித்தான் நடந்தது. முன்பிருந்த அலுவலர் டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டுவந்து, இருபது நிமிடம் குனிந்து பார்த்து, கையொப்பமிட்டுப் போனார். அவர் மாற்றலாகிப் போனதும் எங்கள் கஷ்டகாலம் தொடங்கியது.

3. வலது இறக்கை தயாரானதும், “இறக்கையை மூட அனுமதி வேண்டுகிறேன்” என்று பார்வை 1-இல் கண்ட மனுவைக் கொடுத்தேன். பதின்மூன்று மாதம் பதில் இல்லை. நேரில் வந்த ஆறு முறையும் சம்பந்தப்பட்டவர் கூட்டத்தில் இருந்தார். பிறகு பார்வை 2-இல் கண்ட கடிதம் வந்தது. “மனுதாரரின் வேண்டுகோளின்படி மூடப்பட்டது.” இவ்வளவுதான்.

4. அனுமதி வந்துவிட்டதென்று நான் ரிவிட் துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டேன் என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தடுத்தவர் என் மனைவி. அளவு நோட்டைப் பார்ப்பதுபோல எதையும் இரண்டு முறை படிப்பவர் அவர். “மூடலாம்னு போடலையே, மூடியாச்சுன்னு இல்ல போட்டிருக்கு? நாம இன்னும் மூடவே இல்லையே” என்றார்.

5. மறுநாள் விசாரித்தபோது தங்கள் எழுத்தர், “நீங்கதானே மூடச் சொல்லி எழுதிக் குடுத்தீங்க? அதான் ஃபைலை மூடிட்டோம்” என்றார். நான் சொன்னது இறக்கையை என்று விளக்கினேன். பதிவேட்டைப் புரட்டி, இறக்கையும் மூடப்பட்டதாகவே ஏறியிருப்பதாகச் சொன்னார். ஆகவே மூடிய பாகத்தைத் திறந்து காட்டுவதற்கான படிவத்தை நிரப்பச் சொன்னார். அதில் ஏழாவது கேள்வி, பிரித்தெடுத்த ரிவிட்டுகள் எத்தனை என்பது. அடிக்காத ரிவிட்டை எப்படிப் பிரிப்பது, ஐயா? “இல்லை” என்று எழுதினேன். முழுமையாக நிரப்பப்படவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. இருபத்திரண்டு வருடமாக நான் பஸ்ஸுக்கு ரிவிட் அடிக்கிறேன். எனக்கே ஒருவர் ரிவிட் அடித்தது இதுவே முதல் முறை. இந்த வாக்கியத்துக்காக மன்னிக்கவும், ஆனால் அதைக் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

6. இதற்கிடையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். இம்மாதம் 30-ஆம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். அடி திறந்திருக்கும் இறக்கையைத் தாங்கியிலிருந்து தூக்கினால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கையை நிமிர்த்த முடியாது. இன்னொன்று வாங்க எங்களால் இந்த ஜென்மத்தில் ஆகாது. மூடினால்தான் தூக்கலாம். தாங்கள் பார்த்தால்தான் மூடலாம்.

7. யாருக்கும் சொல்லாமல் மூடிவிடேன் என்று என் மைத்துனர் உட்படப் பலர் யோசனை சொல்லிவிட்டார்கள். இந்த மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வந்தால் இறக்கைக்கு அடியில் குனிந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும்; அவர் அவசரம் அவருக்கு. நான் மூடாததற்குக் காரணம் விதி மட்டுமல்ல. இறக்கைக்குள் குறுக்கே நிற்கும் விலாச் சட்டங்களில் மூன்றாவதன் மூலையில் இரண்டு ரிவிட்டுகள் மேல் எனக்கே சந்தேகம் இருக்கிறது. உட்புறம் நசுங்கி நிற்கும் ரிவிட்டின் வால் முனை சற்றுச் சாய்ந்ததுபோல் தெரிகிறது. பிரித்து அடித்தால் துளை பெரிதாகிவிடுமோ என்று பயம். அப்படியே விடவும் பயம். கண்ணாடி வைத்து எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லவே என் கண்ணுக்கு ஆசை. அதனால் அதை நான் நம்பவில்லை. விமானத்தின் இரண்டாவது இருக்கையில் உட்காரப் போவது என் மனைவி. இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

8. எனவே, 30-ஆம் தேதிக்கு முன் தகுதியுள்ள அலுவலர் ஒருவரை அனுப்பி, உள்ளே பார்க்கச் செய்யுமாறு மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். டார்ச்சும் கண்ணாடியும் எங்களிடமே உள்ளன. சரியில்லை என்றால் சொல்லட்டும்; பிரித்து எப்படிச் சரிசெய்வதென்று அவரிடமே கேட்டுச் செய்கிறேன். இந்த மனுவில் நான் கேட்பது பார்க்கும்படி மட்டுமே. எதையும் மூடும்படி தங்கள் அலுவலகத்தைக் கேட்கவில்லை என்பதை அடிக்கோடிட்டுத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: முன் அறை, வலது இறக்கைக்குப் பக்கத்தில்
நாள்: 9-ஆம் தேதி, வியாழக்கிழமை

தங்கள் அலுவலரின் வரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
ரெக்கை வீட்டுக்காரர்

பின்குறிப்பு (வேறு கையெழுத்தில்): ஐயா, இந்த மனுவைத் தபாலில் சேர்க்கும் முன் படித்துப் பார்த்தேன். மூன்றாவது விலா விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். அவர் வெளியிலிருந்து அடிக்கும்போது இறக்கைக்குள் கையை விட்டு, ரிவிட்டின் மறுமுனை நசுங்குவதற்காக இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்திருந்தது நான்தான். இரண்டு முறை கட்டை வழுக்கியது. அவர் மனசு கஷ்டப்படுமே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். சீக்கிரம் ஆள் அனுப்புங்கள்.

(கையொப்பம்)
இரண்டாவது இருக்கை