சங்கரன்கோவில் நர்ஸ்

நவம்பர் 12, புதன்
காலையிலிருந்தே புகைமூட்டம். தொண்டை எரிச்சல். இருமல் மருந்து வாங்க வேண்டும்.

மாலை 5.30, செய்திக்காக தில்லி லக்ஷ்மிபாய் நகர். குடியிருப்புப் பெண்களின் பேரணி, அறுபது பேர். வேலை முடிந்து திரும்பிய வீட்டுவேலைப் பெண்ணைப் போன வாரம் ஒருவன் இழுத்துப்போன அதே சாலை. எரியாத விளக்குகள் 11. வீட்டில் ரொட்டி யார் சுடுவது என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான். சிரிப்பு.

முன்வரிசையில் பேச்சியம்மாள், அரசு மருத்துவமனை நர்ஸ். இழுத்துப்போனவன் முகத்தைப் பார்த்தது இவர் மட்டும். ஆள் பிடிபட்டுவிட்டான். திங்களன்று சிறையில் அடையாள அணிவகுப்பு. இவர்தான் காட்ட வேண்டும்.

"பேரு மட்டும் போட்றாதீங்க சார்."

நவம்பர் 13, வியாழன்
செய்தி ஐந்தாம் பக்கம். பேர் போடவில்லை. தில்லித் தமிழர் என்றால் சென்னை ஆபீஸ் செய்தி டெஸ்க்குக்குச் சொந்த ஊர் வேண்டும். முப்பது வருட வழக்கம். "நேரில் பார்த்த, சங்கரன்கோவிலைச் சேர்ந்த நர்ஸ்" என்று எழுதினேன். தில்லியில் தமிழ்ப் பேப்பரை யார் படிக்கிறார்கள்.

நவம்பர் 15, சனி
காலையில் பேச்சியம்மாள் போன்.

"ரெண்டு பேரு கேட்ல வந்து, சங்கரன்கோவில் நர்ஸ் வீடு எதுன்னு கேட்டிருக்கானுவ. உங்க செய்திய மொபைல்லயே இந்தில மாத்திப் படிச்சிருக்கானுவ சார்."

அந்தக் குடியிருப்பில் சங்கரன்கோவில் இவர் ஒருவர்தான். ஊர்க்காரர்கள் என்று நினைத்துக் காவலாளி வீட்டைக் காட்டிவிட்டானாம்.

இணையத்திலிருந்து செய்தியை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். காவல் நிலையத்தில், எழுதித் தாருங்கள், பார்க்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு
இருமல் மருந்து இன்னும் வாங்கவில்லை.

பேரணி இன்று பேச்சியம்மாளின் பிளாக்கைச் சுற்றி. நாற்பது பேர்தான். மற்றவர்களை வீட்டில் விடவில்லையாம். வேப்பமரத்தடியில் கறுப்பு பைக், ஹெல்மெட் கழற்றாத இருவர். அவர் வாசல் விளக்கு உடைந்திருந்தது. புதனன்று எரிந்தது, விளக்குகளை எண்ணிய குறிப்பில் இருக்கிறது.

நாளை போகாமல் இருந்துவிடலாமே என்றேன்.

"நான் போகலன்னா அவன் வெளிய வந்துருவான் சார்."

நவம்பர் 17, திங்கள்
காலை 9.10. ஆட்டோவில் பேச்சியம்மாள், கூட மூன்று பெண்கள், நெருக்கியடித்து. எனக்கு இடமில்லை. வேப்பமரத்தடியில் பைக் கிளம்பும் சத்தம். தலையை வெளியே நீட்டினார்.

"அந்த வண்டி நம்பரையாவது எழுதுங்க சார். விவரமா எழுதுறவுக தானே நீங்க."

பேனாவை எடுத்தேன். ஆட்டோ போனது. பின்னாலேயே பைக். நம்பர் பலகை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள்.