கைப்பிடிச் சுவரில் படுத்திருந்தவருக்கு

பாய்,

இன்று காலை மலையடிவாரத்துக் காரவள்ளியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கிய மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. பிரேக் சூடேறிய அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

தொண்ணூற்றெட்டில் ஒரே முதலாளியிடம் நாம் இருவரும் லாரி ஓட்டினோம். அன்று நான் கிழங்கு லோடுடன் இறங்கினேன், நீங்கள் காலி வண்டியோடு ஏறி வந்தீர்கள். டீசல் மிச்சமாகட்டும் என்று கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் விட்டிருந்தேன். மலை ரோட்டில் செய்யவே கூடாத காரியம். தெரிந்தேதான் செய்தேன். வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. நீங்கள் சட்டென்று ஒடித்து வழி விட்டதால் என் வண்டி மண்மேட்டில் மோதி நின்றது. உங்கள் வண்டியின் முகம் கைப்பிடிச் சுவரில் நசுங்கிப்போனது.

தப்பு என்னுடையது. அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். "ஏய்யா, ஹாரன் அடிக்கத் தெரியாதா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று ஆரம்பித்து, உங்கள் அம்மா வரைக்கும் போனேன். உங்கள் முகம் சிவந்தது, கை முறுக்கிக்கொண்டது. விழப்போகிறது அறை என்று நினைத்தேன். நீங்களோ சுவரில் உட்கார்ந்தீர்கள். நான் விடவில்லை, இன்னும் பேசினேன். அப்படியே அந்தச் சுவரின் மேல் நீட்டிப் படுத்துவிட்டீர்கள்! ஐயோ, மனுஷனுக்கு உள்ளடி பட்டுவிட்டதோ என்று என் வாய் அடைத்துப்போனது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கேன் தண்ணீரில் முகம் கை கால் கழுவிக்கொண்டு, "பங்காளி, உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லீங்களே?" என்றீர்கள்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. ஹாரன் அடிக்காமல் ஏறி வந்தார் என்று முதலாளியிடம் சொன்னேன். இனி வண்டியைத் தொடாதே என்று அவர் உங்களை நிறுத்திவிட்டார். மூன்று பிள்ளைகள் உங்களுக்கு. என் எஞ்சின் சத்தத்திலேயே உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும்; "நியூட்ரல்" என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

நான்கு நாள் எனக்குச் சோறு செல்லவில்லை. ஐந்தாம் நாள் முதலாளி முன்னால் போய் நின்று உள்ளதைச் சொன்னேன். அவர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டார், என்னை விரட்டினார். அப்பாடா என்றிருந்தது பாய், வேலை போன அன்றுதான் வயிறாரத் தின்றேன்.

நேராக உங்கள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். "அட, அன்னிக்கே உட்டுட்டனுங்க," என்று சிரித்தீர்கள். ஏன் படுத்தீர்கள் என்று கேட்டேன். "கோவம் வந்தா நின்னவன் உக்காரோணும், உக்காந்தும் அடங்கலீன்னா படுத்துக்கோணும்னு எங்க நபி சொல்லியிருக்காருங்க. நீங்க பேசுன பேச்சுக்கு உக்காந்தது பத்தலீங்க பங்காளி!" முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "அடுத்தவங்க கொறைய நாம மறைச்சா, மறுமையில அல்லா நம்ம கொறைய மறைப்பான்," என்றீர்கள். அடுத்த வாரமே முதலாளியிடம் பேசி, என்னையும் வேலையில் சேர்த்துவிட்டீர்கள்.

எனக்குக் கோபம் இன்றும் குறையவில்லை. நான் பகலில் கட்டிலில் சாய்ந்தால் போதும், "இன்னிக்கு யாரு மேலீங்க?" என்று கேட்கிறாள் என் வீட்டுக்காரி.

போன மாதம் உங்களை அடக்கம் செய்த அன்று, தொழுகைக்கு முன்னால் உங்கள் மூத்த மகன் எல்லாரையும் பார்த்து நின்றான். "எங்க அத்தா யாரு மனசாச்சும் நோக நடந்திருந்தா மன்னிச்சிருங்க," என்றான். நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இல்லை. நான் கேட்க வேண்டியதையோ, உங்கள் காது கேட்கும்போதே கேட்டு முடித்திருந்தேன்.

எல்லாரோடும் சேர்ந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டேன் பாய்.